மூலமும் படியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



அழைப்பிதழில் ‘மூலமும் படியும்’ என்னும் தலைப்பைக் கண்டவர்கள், தமிழ்ப் பேராசிரியை ஆதலின் சுவடிப் பதிப்பைப் பற்றியே பேசப்போகிறேன் என்று எண்ணியிருக்கக் கூடும். சுவடியும் வரும். ஆயினும் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் குறுந்தகடு. கணினியில் உள்ள ஒரு படிமக் கோப்பைக் குறுந்தகட்டில் எழுதுகிறோம். எழுதி முடிந்தது என்று கணினியும் அறிவிக்கிறது. அத்தகட்டில் இருப்பதும் கோப்பில் இருந்ததும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதானா என்பதை எவ்வாறு அறிவது? இதுவே வினா. கவியரங்கத்தில் இதற்கென்ன வேலை என்று முன்வரிசையில் ஒரு முணுமுணுப்பு எழுவது என் காதில் விழுகிறது. சற்றே பொறுத்தருள வேண்டுகிறேன்.

நம் வட்டத்தின் செயற்குழு சென்ற திங்களில் ஒரு முடிவு எடுத்தது. பத்தாண்டுக் கூட்டங்களின் ஒலிப்பதிவுகள், கவியரங்கக் கவிதைகள், கையெழுத்துப் படிகளின் ஒளிப்படங்கள் அனைத்தையும் ஒரே தொகுப்பாக்கித் தகடுகளில் எழுதி, உறுப்பினர்க்கும் நூலகங்களுக்கும் வழங்குவது. வழங்கிய பின், இடம் போதாமல் திணறும் அலுவலகக் கணினியைத் துடைத்துவிடுவது. முற்பகுதியை இரு கைகளாலும் வரவேற்கிறேன். பிற்பகுதியைக் கேட்டபோதுதான் இவ்வுரையை ஆற்ற வேண்டும் என்று தோன்றியது. அந்தக் கணினியில் இன்று நம்மிடையே இல்லாத மூவரின் குரல்கள் உள்ளன என்பது இங்குள்ளோர் அறிந்ததே.

இத்தகைய ஒரு துடைப்பின் விளைவை நான் நேரில் கண்டிருக்கிறேன். மூத்த கவிஞர் ஒருவர். வட்டம் தோன்றுமுன்பே மறைந்தவர். பெயரைச் சொல்ல அவர் குடும்பத்தார் விரும்பமாட்டார்கள். 2009ஆம் ஆண்டு அவருடைய 11 குறிப்பேடுகளையும் ஒரு கடையில் கொடுத்து ஒளிப்படமாக்கினார்கள். கடைக்காரர் அவற்றை ஒரே படிமக் கோப்பாக்கித் தகட்டில் எழுதினார்; தகட்டைத் திறந்து கோப்புப் பெயர்களின் பட்டியலைக் காட்டினார்; எல்லாம் சரியாக வந்துவிட்டது என்றார். இடம் வேண்டுமென்று தம் கணினியிலிருந்ததை அழித்தும் விட்டார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அக்குறிப்பேடுகள் கூழாயின. தகடு இருக்கிறதே என்று குடும்பத்தார் மனம் தேறினர். தொகுப்பு நூல் வெளியிடுவதற்காக அத்தகட்டை என்னிடம் தந்தபோது, பட்டியலில் 11 குறிப்பேடுகளின் பெயரும் இருந்தன. ஒவ்வொரு கோப்பின் அளவும் இருந்தது. ஆனால் ஏழாம் குறிப்பேட்டிற்கு அப்பால் ஒரு பக்கமும் திறக்கவில்லை. தகட்டு இயக்கி கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது. நான்கு குறிப்பேடுகள், அவருடைய இறுதிக் காலக் கவிதைகள், உலகில் எங்கும் இல்லை.

பெயர் இருக்கப் பொருள் இல்லாமற் போனது எங்ஙனம்? கோப்புகளின் பெயர்ப்பட்டியல் பெரும்பாலும் தகட்டின் தொடக்கப் பகுதியிலேயே எழுதப்படுகிறது. குறுந்தகட்டில் எழுத்து, நடுவிலிருந்து விளிம்பு நோக்கிச் சுருளாகச் செல்லும்; பழைய கிராமபோன் தட்டிற்கு நேர்மாறான போக்கு இது. எனவே உள்வட்டம் நன்றாக அமைந்து வெளிவிளிம்பு பழுதுபட்டால், பொருளடக்கம் முழுமையாகவும் நூல் பாதியாகவும் இருக்கும். பட்டியலைப் பார்ப்பது சரிபார்த்தல் ஆகாது. பொருளடக்கத்தைப் படித்துவிட்டு நூலுக்கு மதிப்புரை எழுதுவோர் நம்மிடையே இல்லாமல் இல்லை. அது வேறு செய்தி.

படிமக் கோப்பு என்பதை முதலில் விளக்கிவிடுகிறேன். ஒரு தகட்டில் தொடக்கம் முதல் இறுதி வரை என்னென்ன எந்த வரிசையில் எழுதப்பட வேண்டுமோ, அவை அனைத்தையும் அவ்வரிசையிலேயே கொண்ட ஒற்றைக் கோப்பு அது. ‘ஐஎஸ்ஓ கோப்பு’ என்று வழங்குவர். தகட்டில் கோப்புகளை அடுக்கும் முறையை வகுத்த, 1988இல் வெளியான ஐஎஸ்ஓ 9660 என்னும் தரநிலையால் அமைந்த பெயர். அச்சகத்தாரின் சொல்லில் சொன்னால், பக்கம் கட்டி முடித்து அச்சேறக் காத்திருக்கும் நிலை. தகட்டில் எழுதுவது அச்சிடுவதற்கு ஒப்பு.

தகட்டில் செய்தி சிறுசிறு பகுதிகளாகவே எழுதப்படுகிறது. ‘செக்டர்’ எனப்படும் ஒவ்வொரு பகுதியிலும் நம் செய்திக்கு 2048 பைட்டுகள் இடம் உண்டு. 80 நிமிடக் குறுந்தகட்டில் அத்தகைய பகுதிகள் 3,60,000. பெருக்கினால் 73 கோடியே 72 லட்சத்து 80 ஆயிரம் பைட்டுகள். டிவிடி எனில் ஏறத்தாழ 470 கோடி. இத்தனை கோடியையும் ஒருவர் வாசிக்க மற்றொருவர் ஒப்புநோக்குவது மனிதரால் ஆகாது. ஆனால் ஒப்புநோக்கும் முறை ஒன்றேதான். ஏடு பெயர்த்தெழுதிய பின் ஒருவர் மூலத்தை உரக்கப் படிப்பார். மற்றவர் படியைப் பார்த்துக்கொண்டே வருவார். வேறுபட்ட இடத்தில் நிறுத்துவார். கணினியும் கோப்பிலிருந்து ஒரு பைட்டையும் தகட்டிலிருந்து ஒரு பைட்டையும் எடுத்து அவ்வாறே ஒப்பிட்டுச் செல்லக்கூடும். இது முதல் வழி. இதற்கு மூலமும் படியும் ஒரே இடத்தில், ஒரே வேளையில் இருத்தல் வேண்டும்.

உ.வே.சாமிநாதையர் அவர்கள் 1887இல் சீவக சிந்தாமணியையும், 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது பட்ட பாடு நாம் அறிந்தது. அவர் ஒப்பிட்டது படியோடு படியை. மூலம் எதுவும் அவர் கையில் இல்லை. சங்கப் புலவர் எழுதிய ஏடு எவர் கையிலும் இல்லை. ஆகவேதான் பாடபேதங்கள், ஆகவேதான் புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் இன்றுவரை வெற்றிடங்கள், பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. நமக்கோ மூலம் கையில் இருக்கிறது. கணினியைத் துடைக்கும் அந்த நொடி வரை இருக்கிறது. அந்த நொடிக்குப் பின் நாமும் பாடபேதம் பார்க்கும் நிலைக்கு வந்துவிடுவோம். அதற்கும் வேறொரு படி வேண்டும்.

இனி இரண்டாம் வழி. மூலமும் படியும் வெவ்வேறு ஊர்களில் இருந்தால் என் செய்வது? மதுரையில் உள்ள உறுப்பினர் தம் தகட்டை எவ்வாறு சரிபார்ப்பார்? இங்குதான் நம் யாப்பு துணைக்கு வருகிறது.

கட்டளைக் கலித்துறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அடி நேரசையில் தொடங்கினால், ஒற்று நீக்கி எண்ண 16 எழுத்துகள். நிரையசையில் தொடங்கினால் 17. ஏடெழுதுவோன் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டால் அடியில் 15 வரும். எண்ணிய மாத்திரத்திலே பிழை தெரிந்துவிடும். மூலத்தைப் பார்க்க வேண்டியதே இல்லை; அடியே தன் கணக்கைத் தன்னுள் வைத்திருக்கிறது. திருக்கோவையாரின் 400 பாடல்களும் இந்தக் காவலோடுதான் நடந்து வந்தன. அந்தாதியும் இத்தகையதே. ஒரு பாடலின் இறுதி அடுத்த பாடலின் முதலாகும்போது, நடுவில் ஒன்று வீழ்ந்தால் சங்கிலி அறுந்து காட்டும்; வரிசை மாறினாலும் காட்டும். பதிற்றுப்பத்தில் நான்காம் பத்து அந்தாதியாக அமைந்திருப்பதை மாணவர்க்குச் சொல்லும்போதெல்லாம், இதைப் பாடியவர் ஏட்டின் அவிழ்ந்த கயிற்றை எண்ணிப்பார்த்திருப்பாரோ என்று ஒரு நினைவு வரும். வெறும் நினைவுதான், சான்று கேட்காதீர்கள்.

அகநானூற்றுத் தொகுப்பு இன்னும் நுட்பமானது. ஒற்றைப்படை எண் பெற்றவை எல்லாம் பாலை. 2, 8 என முடிபவை குறிஞ்சி, 4 என முடிபவை முல்லை, 6 மருதம், 10, 20 என வருவன நெய்தல். 200 பாலை, 80 குறிஞ்சி, ஏனைய மூன்றும் நாற்பது நாற்பது. 14ஆம் எண்ணில் ஒரு மருதப் பாட்டு வந்து நின்றால், ஏடு இடம் மாறியிருக்கிறது என்று ஐயுறலாம். பாட்டின் பொருளும் பாட்டின் எண்ணும் ஒன்றையொன்று காவல் காக்கின்றன.

கணினியார் இதையே செய்கின்றனர். கோப்பிலுள்ள பைட்டுகள் அனைத்தையும் ஒரு கணக்கிற்கு உட்படுத்தி, இறுதியில் ஒரு சிறிய எண்ணைப் பெறுகின்றனர். மூலக்கோப்பிற்குக் கிடைத்த எண்ணும் படிக்குக் கிடைத்த எண்ணும் ஒன்றாயின் இரண்டும் ஒன்றே. இவ்வெண்ணைச் ‘செக்சம்’ என்றும் ‘ஹாஷ்’ என்றும் கூறுவர். சரிபார்ப்பு எண் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் எல்லாக் கணக்கும் ஒரே வலிமை உடையன அல்ல. வெறும் கூட்டுத்தொகை என்றால், ‘கவி’ என்பதில் எழுத்துகள் இடம் மாறி ‘விக’ என்றாலும் தொகை மாறாது. கட்டளைக் கலித்துறைக்கும் இதே குறை உண்டு. ஓர் எழுத்து விழுந்தால் காட்டும். ஓர் எழுத்துக்கு மாறாக வேறோர் எழுத்து வந்தால் எண்ணிக்கை மாறாது. எதுகை, மோனை நிற்கும் இடமாயின் ஓசை காட்டிக்கொடுக்கும். அடியின் நடுவிலோ பிழை ஒளிந்துகொள்ளும். பாடபேதங்கள் யாப்புக் கெடாமலே வந்து அமர்ந்திருப்பதன் காரணம் இதுதான். புள்ளியிடாத ஓலையில், குறில் நெடில் கொம்புகளின் வேறுபாடும் இன்றி, காலும் ரகரமும் ஒரே வடிவில் நின்றபோது, பெயர்த்தெழுதியோர்க்கு இருந்த ஒரே வழிகாட்டி ஓசை. அது ஓரளவே காக்கும்.

ஆகவே, ஒரு புள்ளி மாறினாலும் விடை முழுவதும் தலைகீழாகும் வண்ணம் கணக்குகளை அமைத்தனர். ரொனால்ட் ரிவெஸ்ட் என்னும் அமெரிக்க அறிஞர் அமைத்து 1992இல் வெளியான ‘எம்டி5’ என்பது அவற்றுள் புகழ்பெற்றது. எத்துணைப் பெரிய கோப்பாயினும் அதன் விடை 32 குறிகள்தாம். 0 முதல் 9 வரை எண்களும், ஏ முதல் எஃப் வரை ஆறு ஆங்கில எழுத்துகளும் கலந்தவை. 2004இல் சியாவோயுன் வாங் என்னும் சீன அறிஞரும் அவருடன் பணியாற்றியோரும், வெவ்வேறான இரு செய்திகளுக்கு ஒரே எம்டி5 விடை வருமாறு செய்துகாட்டினர். வேண்டுமென்றே ஏமாற்ற வருவோரை இனி இக்கணக்கு தடுக்காது என்பது அத்துடன் வெளிப்பட்டது. தற்செயலாகத் தகட்டில் நேரும் பழுதைக் கண்டறிய அது இன்றும் போதும். எனினும் புதிதாகத் தொடங்குவோர் ‘எஸ்எச்ஏ-256’ என்னும் கணக்கையே கொள்ளுதல் நன்று. அதன் விடை 64 குறிகள். அதில் வரக்கூடிய வெவ்வேறு விடைகளின் எண்ணிக்கையை எழுத 78 இலக்கங்கள் வேண்டும். இரு வேறு கோப்புகள் தற்செயலாக ஒரே விடை தரும் என்று அஞ்சத் தேவையில்லை. விண்டோஸ், லினக்ஸ், ஆப்பிள் கணினிகள் மூன்றிலும் இக்கணக்கைச் செய்யும் கருவி உடனாகவே வருகிறது. தனியே விலை கொடுத்து வாங்க வேண்டாம்.

இதுவரை எளிது. இனிமேல்தான் பலர் இடறும் இடம். சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தகட்டை எழுதி முடித்து, அதன் சரிபார்ப்பு எண்ணைக் கண்டு, கோப்பின் எண்ணோடு வைத்துப் பார்த்தால் சில வேளைகளில் இரண்டும் முற்றிலும் வேறாக இருக்கும். தகடு கெட்டது என்று தூக்கி எறிவர். அடுத்ததிலும் அப்படியே வரும். உண்மையில் இரு தகடுகளும் நல்லனவாகவே இருக்கலாம்.

காரணம் தகட்டின் வால். குறுந்தகட்டில் எழுதும் முறைகளுள் ஒன்றில், செய்தி முடிந்த பின் இரண்டு வெற்றுப் பகுதிகள் இறுதியில் சேர்ந்துவிடும். அவை செய்தியே அல்ல. எழுதும் கதிர் நின்ற இடத்தின் தடம். சில எழுதுகருவிகள் பாதுகாப்பிற்காகச் சுழிகளை இட்டு நிரப்பியும் வைக்கும். டிவிடியில் பதினாறு பதினாறு பகுதிகள் ஒரு கட்டாக எழுதப்படுவதால், இறுதிக் கட்டில் எஞ்சிய இடம் நிரப்பப்படும். கணினி தகட்டின் இறுதி வரை படித்தால் இவ்வாலையும் சேர்த்துக் கணக்கிடும். அல்லது அவ்விடத்தில் படிக்க முடியவில்லை என்று பிழை சொல்லி நின்றுவிடும். பாட்டு முடிந்த பின் ஏட்டின் வெற்றோலையையும் எண்ணிக்கொண்டு அடி மிகுந்துவிட்டது என்பது போன்றது இது.

தீர்வு கணக்கில் இருக்கிறது. கோப்பின் அளவை 2048ஆல் வகுக்க வேண்டும். படிமக் கோப்பின் அளவு 61,44,00,000 பைட்டுகள் எனக் கொள்வோம். வகுத்தால் 3,00,000 பகுதிகள். தகட்டிலிருந்து சரியாக 3,00,000 பகுதிகளை மட்டும் படித்துக் கணக்கிட்டால் இரு எண்களும் பொருந்தும். தகடு 3,00,002 என்று சொன்னாலும் அந்த இரண்டைக் கருத வேண்டியதில்லை. தகட்டின் தொடக்கத்தில், 0 முதல் எண்ணினால் 16ஆம் பகுதியில், இத்தொகுதியின் நீளம் இவ்வளவு என்று தகடே தன் அளவைக் குறித்து வைத்திருக்கும். அதைப் படித்தறியும் கருவிகளும் உள. நூலின் முகப்பில் பாட்டுத்தொகை குறிப்பது போன்ற வழக்கம்.

வேறு இரண்டு எச்சரிக்கைகள். எழுதிய உடனேயே சரிபார்த்தால், கணினி தகட்டைப் படிக்காமல் தன் நினைவில் எஞ்சியிருப்பதையே எடுத்துச் சொல்லிவிடக் கூடும். மாணவன் புத்தகத்தைப் பாராமல் மனப்பாடத்தை ஒப்பித்துவிட்டுப் படித்தேன் என்பது போல. தகட்டை ஒருமுறை வெளியே எடுத்துவிட்டு மீண்டும் இட்டபின் சரிபார்ப்பதே முறை. இயலுமாயின் எழுதிய இயக்கியில் அல்லாமல் வேறோர் இயக்கியில் பார்க்க வேண்டும். தான் எழுதிய கிறுக்கலைத் தான் படித்துவிடுவது எல்லோர்க்கும் உள்ள திறமைதானே! பிறர் படிக்க முடிகிறதா என்பதே கேள்வி.

இங்கே ஒரு பாகுபாட்டைச் சொல்ல விரும்புகிறேன். ஏடெழுதுவோரில் இரு வகையினர் உண்டு. செல்லரித்த இடத்தில் இடம் விட்டு எழுதுவோர் ஒரு வகை. தமக்குத் தோன்றிய சொல்லைப் பெய்து ஓட்டையை மூடிவிடுவோர் மறு வகை. முன்னவரால் இழப்பு வெளிப்படும். பின்னவரால் இழப்பு மறையும். பதிப்பாசிரியர்க்குப் பெரும் இடர் விளைத்தவர் பின்னவரே.

தரவுக் குறுந்தகடு முதல் வகை. 1960இல் இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் என்னும் இருவர் வகுத்த கணக்கின்வழி, தகட்டில் சிறு கீறலோ தூசியோ இருப்பினும் இழந்த பைட்டுகளை இயக்கி மீட்டுக்கொள்ளும். அதற்கு மேலும் ஒரு காப்பு உண்டு. ஒவ்வொரு பகுதியிலும் நம் செய்தி 2048 பைட்டுகள் எனினும், பகுதியின் முழு அளவு 2352. எஞ்சிய 304இல் பெரும்பகுதி பிழை காண்பதற்கும் திருத்துவதற்குமே ஒதுக்கப்பட்டது. இவ்வளவுக்குப் பின்னும் மீட்க இயலாவிடில், இயக்கி பொய் சொல்லாமல் படிக்க முடியவில்லை என்று நின்றுவிடும். ஆகவே பழுதுற்ற தகடு பெரும்பாலும் தவறாகப் படிப்பதில்லை, படிக்க மறுக்கிறது. பிழைச்செய்தி எதுவுமின்றி முழுவதும் படித்து, அளவும் பொருந்தி, எண் மட்டும் மாறுபட்டால், ஐயம் கொள்ள வேண்டியது தகட்டை மட்டுமன்று. படிமக் கோப்பு இறக்கும்போதே சிதைந்ததா, கணினியின் நினைவகம் பழுதா என்றும் பார்த்தல் வேண்டும். அதனால்தான் எழுதுவதற்கு முன்பே கோப்பின் எண்ணை ஒருமுறை சரிபார்க்கச் சொல்கிறார்கள். மூலமே பிழையானால் படி அதை நேர்மையாகப் பெயர்த்து வைத்திருக்கும்.

பாட்டுத் தகடு இரண்டாம் வகை. இசைப்பெட்டியில் இட்டுக் கேட்கும் ஒலிக்குறுந்தகட்டில் 2352 பைட்டுகளும் ஒலிக்கே செலவாகின்றன, மேற்காப்பு இல்லை. மீட்க முடியாத இடம் வந்தால், இயக்கி முன்னும் பின்னும் உள்ள ஒலியைக் கொண்டு நடுவை இட்டு நிரப்பிவிடும். காதுக்குத் தெரியாது, கேட்போர்க்கு அது நன்மையே. ஆவணத்திற்கு அது தீமை. இன்னும் ஒன்று: ஒரே ஒலித்தகட்டை இரு இயக்கிகளில் படித்தால் தொடக்கம் சிறிது முன்பின்னாகி, சரிபார்ப்பு எண்கள் மாறிவிடும். ஆகவே நம் வட்டத்தின் குரல்களை ஒலித்தகடாக எழுதாமல், கோப்புகளாகத் தரவுத் தகட்டிலேயே எழுத வேண்டும் என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். பெட்டியில் இட்டுக் கேட்க விரும்பும் பெரியவர்களுக்குத் தனியே ஒலித்தகடு தரலாம். அது கேட்பதற்கு, காப்பதற்கன்று.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. யூனிகோடு முறையில் ‘கொ’ என்பதை இருவகையாக எழுதி வைக்கலாம். ககரத்தின் பின் ஒகரக் குறியை ஒரே குறியாக இடலாம். எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியே இடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தரநிலையும் இரண்டையும் நிகர் என்றே கொள்கிறது. ஆனால் பைட்டுகள் வேறு. சரிபார்ப்பு எண்ணும் வேறு. ஒரே கவிதையை இருவர் தட்டச்சு செய்து, ஓர் எழுத்தும் பிசகாமல் இருந்தும், எண்கள் மாறுபடலாம். கருவி கவிதையைப் பார்ப்பதில்லை, பைட்டுகளையே பார்க்கிறது. மறுதலையாக, 1990களில் நாம் பயன்படுத்திய பலவகை எழுத்துருக்களில் அமைந்த பழங்கோப்புகள் மூலத்தோடு முழுதும் பொருந்தி நிற்கும். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஒரு சொல்லும் விளங்காது. பொருந்துவது வேறு, படிக்க முடிவது வேறு. நம் தொகுப்பில் அத்தகைய கோப்புகள் சில உள்ளன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றி, மாற்றியதையும் பழையதையும் சேர்த்தே வைக்க வேண்டும். மாற்றும்போது நேரும் பிழைகளை எந்த எண்ணும் காட்டாது. அதற்குக் கண்தான் வேண்டும். கவிதை எழுதியவரின் கண்ணாயின் சிறப்பு.

இனி எண்ணை எங்கே வைப்பது? தகட்டிலேயே எழுதி வைத்தால், தகட்டோடு அதுவும் போகும். 2016 பிப்ரவரியில் ‘லினக்ஸ் மின்ட்’ என்னும் இயங்குதளத்தின் இணையதளத்திற்குள் ஊடுருவியோர், அங்கிருந்த படிமக் கோப்பிற்கான இணைப்பை மாற்றி, கள்ளவழி பொதிந்த வேறொரு கோப்பை இறக்குமாறு செய்தனர். கோப்பும் அதன் சரிபார்ப்பு எண்ணும் ஒரே இடத்தில் இருந்தால், முன்னதை மாற்ற வல்லவன் பின்னதையும் மாற்றுவான் என்ற பாடத்தைப் பலரும் அன்று உணர்ந்தனர். கருவூலத்தின் சாவியைக் கருவூலத்திலேயே வைப்பதில்லை அல்லவா?

ஆகவே என் வேண்டுகோள் இது. அச்சேறவிருக்கும் நம் பத்தாம் ஆண்டு மலரின் கடைசிப் பக்கத்தில், தொகுப்பின் படிமக் கோப்பிற்குரிய அந்த 64 குறிகளையும், கோப்பின் அளவையும் அச்சிட வேண்டும். மலரில் வெளியாகும் கவிதைகளுள் மிகவும் வறண்டது அதுவாகத்தான் இருக்கும். யாப்பும் இல்லை, பொருளும் இல்லை. ஆயினும் முப்பது ஆண்டுகள் கழித்து நூலகம் ஒன்றில் அம்மலரும் ஒரு தகடும் அருகருகே கிடைத்தால், இந்தத் தகடு அந்தத் தொகுப்புதானா என்பதைக் காண்பவர் கேட்டறிய நாம் யாரும் இருக்க வேண்டியதில்லை. மெய்ப்புத் திருத்துவோர் அவ்வரியை மட்டும் மும்முறை பார்க்க வேண்டும். ஒரு குறி பிழைத்தாலும் நல்ல தகட்டைக் கெட்டதென்று உலகம் சொல்லும்.

தகடு என்றும் அழியாதது என்று எவரும் கருத வேண்டாம். எழுதும் தகட்டின் சாயம் வெயிலாலும் வெப்பத்தாலும் ஈரத்தாலும் மங்கும். நம் ஊரில் இம்மூன்றிற்கும் பஞ்சமில்லை. ஆண்டுக்கொரு முறை எண்ணைச் சரிபார்த்து, பிழை தலைகாட்டும்போதே வேறொரு படி எடுத்துவிட வேண்டும். இன்று புதிய மடிக்கணினிகள் பலவற்றில் தகட்டு இயக்கியே இல்லை. எனவே தகட்டோடு நில்லாமல் வன்தட்டு இரண்டிலும் படி இருக்கட்டும். அவற்றையும் சரிபார்க்க அதே 64 குறிகள் போதும். கவிஞர்களுக்குத் தனியே ஒரு சொல்: குறுந்தகட்டின் மேற்புறத்தில் பந்துமுனைப் பேனாவால் பெயரும் வாழ்த்தும் எழுதிக் கையொப்பமிடாதீர்கள். செய்தி தாங்கும் படலம் மேற்புற மெருகிற்கு நேர் கீழேதான் இருக்கிறது. உறையில் எத்தனை வெண்பா வேண்டுமாயினும் எழுதலாம்.

கணினியைத் துடைப்பதற்குக் குறித்த நாளை இரண்டு திங்கள் தள்ளிவைக்கச் செயலாளர் அவர்கள் மேடைக்கு வருமுன் இசைந்திருக்கிறார்கள். அவர்களுக்கு என் நன்றி. அதற்குள் எழுதிய ஒவ்வொரு தகட்டையும் எழுதாத வேறோர் இயக்கியில் படித்து எண்ணை ஒப்பிட வேண்டும். தகடு ஒன்றுக்குச் சில நிமிடங்களே ஆகும். ஆனால் அருகிருந்து பார்க்க ஆள் வேண்டும். இயங்கும் தகட்டு இயக்கி வீட்டில் வைத்திருப்போரும், சனிக்கிழமை மாலைகளில் வரக்கூடியோரும் வாயிலில் உள்ள ஏட்டில் தத்தம் பெயரைக் குறித்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். மாணவியர் நால்வர் முன்பே குறித்துவிட்டனர். கவிஞர்கள் இடம் இன்னும் வெற்றாகவே இருக்கிறது.